சண்டைப் படங்களில் சாகிறவர்கள்

(எங்கள் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சினிமா பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது, நான் விமர்சகன் இல்லையே என்றேன். அதனாலதான் கூப்பிடுறோம் என்றார்கள். சரிதான். ஷாட், கட், மீஸான்ஸேன் என்றெல்லாம் எனக்குப் பேச வராது. ஆறு நாள் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு ஏழாவது நாள் சொந்தக் காசில் சண்டைப் படம் பார்க்கிறவன் நான். டிக்கெட் வாங்கியவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு என்பதுதான் இங்கே நிற்க எனக்கு இருக்கும் ஒரே தகுதி.

நம்ம பக்கத்துல ரெண்டு பதில் எப்பவும் தயாரா இருக்கு. 'அதெல்லாம் மசாலாக் குப்பை, அதைப் பத்தி என்ன பேச்சு' என்பது ஒன்று. 'படத்தைப் படமாப் பாரு தோழர், அதுல போயி சாதியைத் தேடாதே' என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள். முதல் பதில் நம் மக்கள் இத்தனை காலமாகக் கொட்டகையில் அனுபவித்த சந்தோஷத்தை முட்டாள்தனம் என்கிறது. இரண்டாவது பதில், அந்தச் சந்தோஷத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கவே விடாமல் தடுக்கிறது.

தமிழ்ச் சமூகத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கலையைப் பார்த்தது சினிமாக் கொட்டகையில்தான் முதலில் நடந்தது என்று கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கோயில் உள்ளே விடவில்லை. கூத்து நடக்கும் இடத்தில் நமக்கென்று தள்ளி ஒரு ஓரம் இருந்தது. கொட்டகையில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட் என்று பேதம் இருந்தாலும் அது காசு பேதம். காசு இருந்தால் தாண்டிப் போகலாம். அப்படிக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, பண்ணையாரை ஒருத்தன் திருப்பி அடிப்பதைப் பார்த்து நம் தாத்தாக்கள் விசிலடித்தார்கள். அந்த விசிலை நான் குறைத்துப் பேசத் தயாராக இல்லை. வாழ்நாள் முழுக்க அடி வாங்கியவனுக்குத் திருப்பி அடிக்கும் ஒரு கையைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கை யாருடையது? அது யார்மேல் விழுகிறது? இப்போது பேச வேண்டியது இதைத்தான்.

சண்டைப் படமோ திரில்லரோ பார்க்கும்போது நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை, பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். ஒன்று, படத்தில் பேர்கூடச் சொல்லாமல் சாகிறவன் யார்? இரண்டு, குற்றவாளியைத் தேடிக் கேமரா எந்தத் தெருவுக்குள் நுழைகிறது? மூன்று, எந்த இடத்தில் நம்மைக் கைதட்டச் சொல்கிறார்கள்?

2003இல் வந்த 'காக்க காக்க', 'சாமி', 2010இல் வந்த 'சிங்கம்' ஆகிய படங்களை இந்தக் கேள்விகளோடு திரும்பப் பாருங்கள். காக்கிச்சட்டை நாயகன், கையில் துப்பாக்கி, நீதிமன்றம் என்றால் ஒரு சலிப்பு. இந்த வகைப் படங்களில் மனித உரிமை பேசுகிறவர் ஒன்று கோமாளி, இல்லை இடைஞ்சல். சட்டப் புத்தகத்தை மூடிவைத்தால்தான் நீதி கிடைக்கும் என்பது அவற்றின் பொதுப்புத்தி. இவ்வளவு வருஷமாக இதற்குக் கைதட்டப் பழகிய கைகள், நிஜத்தில் ஒரு 'என்கவுண்ட்டர்' நடந்தால் என்ன செய்யும்?

என்ன செய்தன என்று நாம் பார்த்தோம். 2019 டிசம்பர் 6ஆம் தேதி ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்முறைக்குள்ளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. லாரி ஓட்டுகிறவர்கள், கிளீனர்கள். மக்கள் போலீஸ்மேல் பூத் தூவினார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது அறிக்கை. நால்வரில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது. பத்துப் போலீஸ்காரர்கள்மேல் கொலைவழக்கு விசாரணை நடக்க வேண்டும் என்றது. தூவின பூவை யாரும் போய்ப் பொறுக்கவில்லை.

2024இல் த.செ. ஞானவேல் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து வந்த 'வேட்டையன்' இதைத் தொடுகிற படம். என்கவுண்ட்டருக்குப் பேர்போன அதிகாரி ஒரு பையனைச் சுட்டுவிடுகிறார். ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்த பையன். அமிதாப் பச்சன் நீதிபதியாக வந்து விசாரிக்கிறார், பையன் நிரபராதி என்று தெரிகிறது. உண்மையான குற்றம் கோட்டுசூட்டு போட்ட கல்வி வியாபாரியிடம் போய் முடிகிறது. குடிசையிலிருந்து வந்தவனென்றால் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம் என்பதை ஒரு ரஜினி படம் சொல்வது லேசான காரியமில்லை. அதை மனதார வரவேற்கிறேன்.

ஆனா பாருங்க, அதே படம் தொடக்கத்தில் அதே அதிகாரியை ஒரு என்கவுண்ட்டரை வைத்துத்தான் அறிமுகம் செய்கிறது. மேளதாளம், ஸ்லோமோஷன், விசில். இரண்டாம் பாதியில் தப்பு என்று சொல்லப்போகிற காரியத்துக்கு முதல் பாதியில் கைதட்டு வாங்கியாகிவிட்டது. தியேட்டரை விட்டு வெளியே வருகிறவன் எதை எடுத்துக்கொண்டு போவான், நீதிபதியின் பேச்சையா, துப்பாக்கியின் சத்தத்தையா? நிரபராதியைச் சுட்டதுதான் தப்பு, குற்றவாளியைச் சுட்டால் சரி என்று அவன் முடிவுக்கு வந்துவிட முடியும். நாம் சொல்வது அதுவல்ல. குற்றவாளியாகவே இருந்தாலும் தண்டிக்க வேண்டியது நீதிமன்றம். என்கவுண்ட்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும் என்று 2014இலேயே உச்சநீதிமன்றம் நெறிமுறை வகுத்துவிட்டது. அது ஏன் நமக்கு முக்கியம்? சட்டத்தைத் தாண்டிப் போகும் அதிகாரம் முதலில் வந்து நிற்பது எப்போதும் நம் தெருமுனையில்தான்.

இனி திரில்லர். திரில்லரின் எரிபொருள் சந்தேகம். சந்தேகப்படும் கண்ணுக்கும் ஒரு சாதி உண்டு என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு விண்ணப்பத்தில் 'காலனி' என்று முகவரி இருந்தால் பக்கத்து நாற்காலியின் குரல் மாறுவதைக் கேட்கிறேன். அதே கண்தான் சினிமாவிலும்.

எச். வினோத் இயக்கிய 'தீரன் அதிகாரம் ஒன்று' 2017இல் வந்தது. விறுவிறுப்பில் குறை சொல்ல முடியாது. நானும் சீட்டு நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். நெடுஞ்சாலையோர வீடுகளில் உண்மையில் நடந்த கொடூரமான கொள்ளைகளும் கொலைகளும்தான் அதன் அடிப்படை. செத்தவர்களின் துக்கம் உண்மை. ஆனால் ஒரு கும்பலின் கதை மெல்ல மெல்ல ஒரு இனக்குழுவின் கதையாக மாறுகிறது. அவர்களுடைய வரலாறே குற்றத்தின் வரலாறாகச் சொல்லப்படுகிறது. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் இதே வேலையைத்தான் செய்தது. பிறப்பை வைத்தே குற்றவாளியாக்கியது, கைரேகை வாங்கியது, ராத்திரிக்கு ஸ்டேஷனில் வந்து படு என்றது. அந்தச் சட்டம் 1952இல் ரத்தாகிவிட்டது. திரைக்கதையில் இன்னும் ரத்தாகவில்லை.

2018இல் வந்த 'ராட்சசன்' படத்தையும் சொல்ல வேண்டும். பயமுறுத்தத் தெரிந்த படம். பயமுறுத்த அது எதை எடுத்துக்கொள்கிறது? நோயால் உருமாறிய ஒரு உடலை. பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்ட ஒரு பிள்ளையை. அவமானப்பட்டவன் கொலைகாரனாகத்தான் வளர்வான் என்றால், இந்தக் கூடத்தில் இருக்கும் நம்மில் எத்தனை பேர் மிச்சம்?

இதே திரில்லரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட படங்களும் நமக்கு உண்டு. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தான் பட்டதை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது 'விசாரணை'. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு 2016இல் இங்கே வெளியானது. குண்டூரில் பூங்காவில் படுத்துக் கிடக்கும் தமிழ்க் கூலிப் பையன்கள். செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடி. 'குற்றவாளி யார்' என்பது அங்கே பதைபதைப்பு இல்லை. 'அடுத்த அடி எப்போது விழும்' என்பதுதான் பதைபதைப்பு. கேமரா லத்தி பிடித்த கையின் பக்கம் நிற்காமல் அடி வாங்கும் முதுகின் பக்கம் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதில் எல்லாமே மாறிவிடுகிறது. அந்தப் படத்தில் கைதட்ட ஒரு இடம்கூடக் கிடைக்காது.

2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தின் முதல் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களை நிறுத்தி ஒவ்வொருத்தனிடமும் சாதி கேட்கிறார்கள். சிலரைப் போகச் சொல்கிறார்கள். மிச்சப் பேரைப் புது வழக்குப் போட வேனில் ஏற்றுகிறார்கள். நூறு பக்கக் கட்டுரை சொல்வதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. 1993இல் கடலூர்ப் பக்கம் நடந்த ஒரு லாக்கப் சாவு அந்தப் படத்தின் வேர். அதில் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. வழக்கறிஞர் வந்த பிறகு படம் அவருடையதாகிவிடுகிறது. செங்கேணியின் நடை அவருடைய நடைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆனாலும் சமரசப் பணத்தை வேண்டாமென்று அவள் எழுந்து போகிற இடம் அவளுடையது. அதை யாராலும் பறிக்க முடியவில்லை. படம் வந்தபோது எழுந்த கூச்சலை யோசித்துப் பாருங்கள். சுவரில் தொங்கிய ஒரு காலண்டருக்காக. அடித்துக் கொல்லப்பட்ட மனிதனுக்காக அவ்வளவு கோபம் வரவில்லை.

2023இல் நடந்த ஒன்றையும் பேசியாக வேண்டும். மாரி செல்வராஜின் 'மாமன்னன்'. 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தில் கை வெட்டுப்பட்ட இசக்கியாக நடித்த வடிவேலுவையே நாயகனாக்கி, அந்த இசக்கியின் கதைதான் இது என்று இயக்குநரே மேடையில் சொன்னார். முப்பது வருஷம் கழித்துத் தரப்பட்ட பதில். ஆனால் படம் ஓ.டி.டி.யில் வந்ததும் என்ன நடந்தது? ரத்னவேல் என்ற ஆதிக்கசாதி வில்லனை, தோற்ற நாயை அடித்தே கொல்கிறவனை, பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டி நாயகனாகக் கொண்டாடினார்கள் சாதிப் பையன்கள். ஃபகத் ஃபாசிலின் நடிப்பு பிரமாதம் என்பது மட்டும் காரணமில்லை. அரிவாள் பிடித்த கம்பீரத்துக்குக் கைதட்ட நம் சினிமா முப்பது வருஷமாகப் பழக்கிவைத்திருந்த கண்கள் அவை. இயக்குநரின் நோக்கம் ஒரு பக்கம், பிம்பம் போய்ச் சேர்ந்த இடம் இன்னொரு பக்கம். எனவே 'நம்ம ஆள் எடுத்த படம்' என்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. அவர்கள் அரிவாளை எடுத்து நம் நாயகன் கையில் கொடுத்தால் போதுமா என்ற கேள்வியை 'அசுரன்' (2019), 'கர்ணன்' (2021) போன்ற எனக்குப் பிடித்த படங்களிடமும் கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021). குத்துச்சண்டை மேடையில் கயிற்றுக்குள் இரண்டு உடம்புகள். இருவருக்கும் ஒரே விதி, ஒரே மணி, ஒரே நடுவர். ஊரில் எங்கேயும் கிடைக்காத சமத்துவம் அந்த நாலு மூலைக்குள் கிடைக்கிறது. அதனால்தான் கபிலன் ஜெயிக்கப் போகும் நேரத்தில் கயிற்றைத் தாண்டி வந்து அடிக்கிறார்கள், உடையை உருவுகிறார்கள். விதிப்படி ஆடினால் நாம் ஜெயித்துவிடுவோம் என்று தெரிந்தவன்தான் விதியைக் கலைக்கிறான். 2025இல் கபடியை வைத்து மாரி செல்வராஜ் 'பைசன் காளமாடன்' எடுத்தபோதும் இந்த ஞாபகம் வந்தது. விதிக்காகச் சண்டை போடுவதுதான் நம் சண்டைப் படம் என்று எனக்குத் தோன்றுகிறது. விவாதியுங்கள்.

சரி, இதெல்லாம் வெறும் சினிமாப் பேச்சா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை மூடும் நேரத்தை வைத்துத் தொடங்கிய ஒரு தகராறு அப்பா, மகன் இருவரின் சாவில் முடிந்தது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கம் நகை காணவில்லை என்ற புகாரில் பிடித்துப் போன கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியில் அடிபட்டே செத்தார். இந்தச் சாவுகளுக்கு ஊரே கொதித்தது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் கொதித்த அதே ஊர் அடுத்த வெள்ளிக்கிழமை திரையில் ஒருத்தனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிக்கும்போது 'இன்னும் போடு' என்று கத்துகிறது. இது ரெண்டும் ஒரே தொண்டைதான் தோழர்களே.

தடை கேட்பது நம் வேலையில்லை. தடை கேட்கிற கூட்டத்துக்கு ஆள் குறைவில்லை. படிப்பு வட்டம் நடத்துவது மாதிரி படம் பார்க்கும் வட்டம் நடத்துங்கள். விடுதிப் பிள்ளைகள் சேர்ந்து போங்கள், விசிலடிங்கள். முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அந்த மூன்று கேள்விகளைப் போடுங்கள். பேர் சொல்லாமல் செத்தவன் எந்தத் தெருக்காரன் என்று கேளுங்கள். சண்டை வரும், வரட்டும். அதை எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள், இரண்டு பக்கம் போதும். நட்சத்திரத்துக்கு மார்க் போடும் விமர்சனம் ஊரெல்லாம் கிடைக்கிறது. அடி வாங்குகிறவன் பக்கத்திலிருந்து எழுதுகிற விமர்சனம்தான் போதவில்லை.

இப்போ நீங்க பேசுங்க. ஜெய் பீம்.