ஆற அமர ஒரு கல்யாணம்

(கிழக்குக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த சாதி மறுப்புத் திருமணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மணமக்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)



மணி அஞ்சேகால் ஆகுது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை இராகுகாலம். மாசமோ ஆடி. நல்ல நேரம் பார்க்கிற ஆளுங்க யாரும் நமக்குப் போட்டியா இன்னைக்குக் கல்யாணம் வைக்கமாட்டாங்க. அதனால் நிதானமாகப் பேசலாம் என்று வந்தேன். ஆனால் கடல்காத்து மைக்கைப் பேச விடமாட்டேங்குது. சாமியானாவை மத்தியானமே பிடுங்கிப் போட்டுவிட்டது. அதுவும் நல்லதுதான். மேடை, பந்தல், சிம்மாசன நாற்காலி எதுவும் இல்லாமல் மணமக்கள் நம்மோடு பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எங்க கல்யாணம் அவசரமில்லாம, பயமில்லாம, ஆற அமர நடக்கணும் தோழர், அவ்வளவுதான்" என்று இருவரும் என்னிடம் சொன்னார்கள். கேட்கச் சின்ன ஆசையாகத் தெரியும். ஆனால் இந்த மண்ணில் சாதி மீறிக் காதலிக்கிறவர்களுக்கு மறுக்கப்பட்ட பெரிய விஷயமே அதுதான். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இவர்கள் கதையை அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். கல்யாணப் பேச்சை எடுத்தது பெண்தான். ரோஜாப்பூ, மோதிரம், சினிமாப் பாட்டு ஒன்றும் கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "உங்கம்மா எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுவாங்களா?" தோழர் வசனம் பேசவில்லை. "தெரியல. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றிருக்கிறார். கேட்டுவிட்டு வந்து சொல்ல ஒரு வருஷம் நாலு மாசம் ஆகியிருக்கிறது. "அம்மா வர்றேன்னுட்டாங்க. அப்பா வரமாட்டார்." இதுதான் அவர் கொண்டுவந்த பதில்.

இதைவிட நேர்மையான காதல் பேச்சை நான் கேட்டதில்லை. 'எனக்குச் சாதியெல்லாம் கிடையாதுங்க' என்று சொல்லிவிடுவது ஆதிக்கச் சாதியில் பிறந்தவனுக்குச் சுலபம். அவன் வீட்டு அடுப்படிக்குச் சாதி இருக்கிறதா, தண்ணிச் சொம்புக்குச் சாதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சாதியை விட்டு வெளியே வரவேண்டிய வேலை அவனுடையது, அவளுடையது அல்ல. சேரியில் பிறந்த பெண் பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்ட ஒரே கேள்வியில் அந்த வேலையை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள்? 'ஓடிப்போயிட்டாங்க' என்கிறார்கள். ஓடினவர்களைப் பற்றித்தான் பேச்சு. துரத்தினது யார் என்று அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. இராத்திரி பஸ், தெரியாத ஊர், வக்கீல் அறையில் அவசரமாக ஒரு மாலை, கை நடுங்க ஒரு கையெழுத்து, அங்கிருந்து நேராகக் காவல் நிலையம். கல்யாணச் சாப்பாடு என்ன? டீயும் பன்னும்.

அதோடாவது விட்டார்களா? 2003-ல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவரையும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். அந்த வழக்கில் தீர்ப்பு வர 2021 ஆனது. உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்ய 2025 ஆனது. 2012-ல் தருமபுரியில் ஒரு கல்யாணத்தைச் சாக்கு வைத்து நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டினார்கள். 2025-ல் பாளையங்கோட்டையில் மறுபடியும் ஒரு தலித் இளைஞரைப் பறிகொடுத்தோம். கல்யாண வீட்டில் சாவுக் கணக்கா என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தக் கணக்கு தெரிந்துதான் இவர்கள் இரண்டு பேரும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாதி மாறிக் கல்யாணம் செய்தால்தான் பிரச்சினை என்றும் நினைக்காதீர்கள். நம்மவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட கல்யாணத்தைக்கூட நிம்மதியாக நடத்த விட்டதில்லை. 1930-லும் 1931-லும் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக்கூடாது. பல்லக்கு வேண்டும் என்றால் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மீறினால் குடிசைக்குத் தீ. கல்யாண நாளில் வீட்டுக்குக் கதவு இல்லாமல் செய்த புத்தியைப் பாருங்கள் தோழர்களே! மகிழ்ச்சியாக இருப்பதே குற்றம் என்று நமக்குச் சட்டம் போட்டவர்கள் அவர்கள். அதனால்தான் நாம் கொண்டாடுவது வெறும் கொண்டாட்டமல்ல, அரசியல் என்கிறோம்.

கல்லூரித் தோழர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சட்டம் பற்றிக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறோம். அப்படிப்பட்ட திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி புரோகிதர் வேண்டாம். தீ வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ இருக்கும்போது, இன்னாரை என் துணையாக ஏற்கிறேன் என்று தமக்குப் புரியும் மொழியில் இருவரும் சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக அறிவித்துத்தான் நடத்தவேண்டும் என்று கட்டாயமில்லை, ஒளிந்து வாழ்கிறவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம் என்று 2023-ல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதில் ஒரு குறை உண்டு. 7ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையேதான் பொருந்தும். பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களையும் அந்தச் சட்டம் இந்துக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறது. கிறித்தவத் தலித்தும் இந்துவும் மணக்க விரும்பினால் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கே 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். தேடிக்கொண்டிருக்கிற சாதிவெறியனுக்கு அரசாங்கமே விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. இதை எதிர்த்து நாம் பேசியாக வேண்டும்.

நம் மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். உறுதிமொழியைத் தாங்களே எழுதித் தாங்களே படித்தார்கள். தாலி இல்லை. 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். நாளைக்கே போகிறார்கள்.

கடற்கரையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஊர்த்தெருவுல அவங்க விடமாட்டாங்க. மண்டபத்துக்குக் கடன் வாங்க நாங்க தயாரில்ல. கடல் பொதுதானே தோழர்" என்றார்கள். முதல் இரண்டு காரணமும் சரி. மூன்றாவதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். கடலுக்குச் சாதி இல்லை, கரைக்கு உண்டு. 2004 சுனாமியில் எல்லாரையும்தான் அலை அடித்தது. ஆனால் நாகப்பட்டினம் பக்கம் நிவாரண முகாம்களில் தலித்துகளை ஒதுக்கிவைத்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. இப்போது இதே கடற்கரைச் சாலையில் சொகுசு விடுதிகள் வேலி போட்டுக்கொண்டு 'பீச் வெட்டிங்' விற்கின்றன. மணலில் மேசை, மேசையில் மெழுகுவர்த்தி, இலட்சக்கணக்கில் செலவு. வேலிக்கு உள்ளே பாத்திரம் கழுவுவதும் கக்கூஸ் கழுவுவதும் யாருடைய பிள்ளைகள்? அந்த வேலிக்கு இந்தப் பக்கம்தான் நம் பாயை விரித்திருக்கிறோம். வலை காயப்போடுகிற இடத்தை விட்டுக்கொடுத்த மீனவத் தோழர்களிடம் முதல் வாரமே வந்து, யார் யாருக்குக் கல்யாணம், எந்தச் சாதிக்கும் எந்தச் சாதிக்கும் என்று மறைக்காமல் சொன்னார்கள். அவர்களும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கரை பொதுவாக வேண்டுமென்றால் இப்படி ஒவ்வொரு தடவையும் பேசிப் பேசித்தான் ஆக்கவேண்டும். தானாக ஆகாது.

1936-ல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சேர்ந்து சாப்பிடுவது மட்டும் போதாது, கலப்புமணமே உண்மையான மருந்து என்றார். அந்த மருந்தையும் சாத்திரங்களின் புனிதத்தை உடைக்காமல் மக்கள் குடிக்கமாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். நாம் முதல் பாதியை மேடையில் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறோம். காதலர்களைச் சேர்த்து வைத்தோம், பாதுகாப்புக் கொடுத்தோம், வேலை முடிந்தது என்று போய்விடுகிறோம். அந்தப் பையனின் அம்மாவோடு யார் பேசுவது? ஒரு வருஷம் நாலு மாசம் யார் பேசுவது? இங்கே அந்த வேலையைத் தோழர் தனியாகச் செய்தார். இயக்கம் கூட நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. இது நம்மீதான விமர்சனம். நான் உட்பட.

அந்த அம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாசம் பெண் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அதைத் தியாகம் என்று நான் புகழப்போவதில்லை. சம்பந்தி வீட்டில் சாப்பிடுவது தியாகமா என்ன? ஆனால் இன்றைக்கு இங்கே வருவதற்கு அவர் வீட்டு வாசலைத் தாண்டியது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போகும்போது அவர் தனியாகப் போகக்கூடாது. நாலு பேர் கூடப் போங்கள்.

இனிமேல் பேச்சு வேண்டாம். பறை வந்திருக்கிறது. கட்டளைக்கும் கூலிக்கும் சாவுக்கும் அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் நம் பெரியவர்கள். அது போராட்டம். இன்றைக்கு நம் சந்தோஷத்துக்கு நாமே அடிக்கிறோம். முதல் அடி மணப்பெண் அடிக்கப்போகிறார். ஆடத் தெரிந்தவர்கள் ஆடுங்கள், தெரியாதவர்களும் ஆடுங்கள். மணலில் தப்படி போட்டால் யாருக்கும் தெரியாது. மாட்டுக்கறி பிரியாணி தயாராக இருக்கிறது. மீன்குழம்பும் உண்டு.

கடைசியாக ஒன்று. ஆற அமர நடக்கிறது என்று சொன்னேன். அந்தச் சவுக்குத்தோப்பு ஓரத்தில் இரண்டு தோழர்கள் மூன்று மணியிலிருந்து ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அவர்கள் நிற்பதால்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அப்படி ஆள் நிறுத்தத் தேவையில்லாத கல்யாணம்தான் நமக்கு வேண்டிய கல்யாணம். அதுவரைக்கும் முறை மாற்றி நிற்போம். இப்போது யாராவது இரண்டு பேர் எழுந்து போய் அவர்களை அனுப்பிவையுங்கள். முதல் பந்தியில் அவர்கள் சாப்பிடட்டும்.

ஜெய்பீம். வாழ்க மணமக்கள்.