நினைவகத்தின் நெருக்கடி



காலையில் விரைந்து பணியாற்றிய கணிப்பொறி, மாலையில் ஆமையென ஊர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உடனே, ‘பொறி பழையதாயிற்று, புதியது வாங்க வேண்டும்’ என்று முடிவு கட்டுவோர் பலர். பெற்றோர் பாடுபட்டு ஈட்டிய பொருளைச் செலவிடுமுன், நோய் இன்னதென்று அறிந்துகொள்வது அறிவுடைமையன்றோ?

கணிப்பொறியின் நினைவகத்தை, நீங்கள் அமர்ந்து படிக்கும் மேசைக்கு ஒப்பிடலாம். அதன் வட்டு, அடுத்த அறையில் உள்ள அலமாரி போன்றது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ ஒரு நொடியின் 1 கோடியில் ஒரு பங்கு காலம் போதும். சுழலும் வட்டிலிருந்து எடுக்கவோ, நொடியின் 100-இல் ஒரு பங்கு வேண்டும். அதாவது, ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு தாமதம். சுழலாத புதுவகை வட்டுகளும் நினைவகத்தினும் பன்மடங்கு மெதுவானவையே.

சிறிய மேசையையும் பெரிய அலமாரியையும் இணைத்து, ஒரே பெரிய மேசை போலத் தோன்றச் செய்யும் உபாயத்தை, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் அறிஞர்கள் கண்டனர். 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறி, செய்திகளைச் சம அளவுள்ள துண்டுகளாக வகுத்து, வேண்டியவற்றை விரைவு நினைவகத்திற்கும் வேண்டாதவற்றை மெதுவான உருளைக்கும் தானே மாற்றிக்கொண்டது. இன்று நம் வீட்டுக் கணிப்பொறிகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. அதனை 1968-இல் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். ஒரே சமயத்தில் தேவைப்படும் துண்டுகள் நினைவகத்தில் அடங்காதபோது, ஒன்றை ஏற்ற மற்றொன்றை இறக்க வேண்டும். இறக்கியதே அடுத்த கணம் மீண்டும் தேவைப்படும். பொறி ஓயாது உழைக்கும். வேலை மட்டும் நடவாது.

இந்நிலைதானா என்பதை எவ்வாறு அறிவது? விண்டோஸ் முறையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் உழைப்பு தனித்தனியே தோன்றும். நினைவகம் பெரிதும் நிறைந்திருப்பது மட்டும் நோயன்று; ஓய்விடத்தையும் பயன்படுத்துவது பொறியின் இயல்பு. நினைவகம் நிறைந்து, வட்டும் ஓயாது இயங்கினால், நெருக்கடி என்று ஐயுறலாம். செயலி மட்டுமே திணறினால், காரணம் வேறு.

நெருக்கடிக்கு இணைய உலாவி காரணமாவது உண்டு. 2008-இல் வெளிவந்த குரோம் முதலாக, உலாவிகள் திறந்த பக்கங்களைத் தனித்தனி நிரல்களாக இயக்கத் தொடங்கின. ஒன்று கெட்டால் மற்றவை கெடாமை இதன் நன்மை. நினைவகம் மிகுதியாகச் செலவாவது இதன் விலை. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தினால், எந்தப் பக்கம் எவ்வளவு இடம் கொள்கிறது என்பது விளங்கும். நீங்கள் ஒன்றும் செய்யாதிருக்கவும் ஒரு பக்கத்தின் கணக்கு ஏறிக்கொண்டே போகுமாயின், அது வாங்கிய இடத்தைத் திருப்பித் தராத பக்கமாகலாம். அதை மூடிவிடுங்கள், இடம் மீளும். இணைப்பு நிரல்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்தினால் பொறி விரையலாம்; குற்றவாளி எதுவென்று தெரியாது.

உலாவியின் பழைய வரலாற்றை அழித்தால் பொறி விரையும் என்று நம்புவோரும் உளர். அவ்வரலாறு பெரும்பாலும் வட்டில் உறைவது. அலமாரியைத் துடைப்பதால் மேசையில் இடம் உண்டாகாது.

இவ்வளவும் செய்தபின்னரும், உங்கள் அன்றாடப் பாடத்திற்கு வேண்டியவையே நினைவகத்தில் அடங்கவில்லையெனில், அப்போது நினைவகத்தைப் பெருக்கலாம். பல பொறிகளில் அது மட்டுமே போதும். முழுப் பொறியையும் மாற்ற வேண்டுவதில்லை. அளந்து பார்த்து, ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பயிலும் இம்முறை, வீட்டிலும் பொருளைக் காக்கும்.