குரலும் செவியும்



காரைக்கால் வட்டாரத்தில் உள்ள சுரக்குடி எங்கள் ஊர். எங்கள் தெருவில் முதிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவரைப் பெரியம்மா என்று அழைப்பது என் வழக்கம். இளமையிலேயே கணவரை இழந்து, நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று மகனை ஆளாக்கியவர். மகன் இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறான். மாதந்தோறும் தாயின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறான். பேத்தி பெரியம்மாவுடன் இருந்து கல்லூரியில் படிக்கிறாள்.

பேத்தியின் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிய ஒரு மாலையில் இருவரும் ஏ.டி.எம். சென்றார்கள். 4,000 ரூபாய் கேட்டார்கள். இயந்திரம் சற்று நேரம் உள்ளே உருண்டது, பிறகு ஓய்ந்தது. பணம் வெளியே வரவில்லை. ஆனால் கணக்கிலிருந்து 4,000 ரூபாய் எடுக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் கைப்பேசிக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது.

பெரியம்மா என்னிடம் வந்தார். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணை அழைத்து, கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்தேன். இனிய பெண்குரல் ஒன்று பேசிற்று. தமிழுக்கு இந்த எண், இருப்புத் தொகை அறிய இந்த எண், அட்டையை முடக்க இந்த எண் என்று வரிசையாகச் சொல்லிற்று. பெரியம்மா எண் எதையும் அழுத்தவில்லை. "ஏம்மா, பணம் வரலைம்மா, பேத்திக்குப் பரீட்சைப் பணம் கட்டணும்மா" என்று அந்தக் குரலிடம் முறையிட்டார். தங்கள் விடை பெறப்படவில்லை, மீண்டும் முயலவும் என்றது குரல். அவர் மீண்டும் முயன்றார். முன்னைவிட உரக்கச் சொன்னார். மூன்றாம் முறை இணைப்பு அறுந்தது.

கைப்பேசியை என்னிடம் நீட்டியபடி அவர் சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது: "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான் தம்பி. ஆனா நாம சொல்றது ஒண்ணும் அதுக்குக் காதுல விழலே."

இன்றைய பேச்சில் நான் உங்களிடம் சொல்லவிருப்பதெல்லாம் இந்தச் சொல்லுக்கு உரைதான்.

பின்பு நானே அழைத்தேன். பல எண்களை அழுத்தி, வெகுநேரம் இசை கேட்டபின், இளைஞர் ஒருவர் பேசினார். மிக மரியாதையாகப் பேசினார். ஆனால் அவர் சொன்னது ஒன்றே: "பணம் வழங்கப்பட்டதாகப் பதிவில் உள்ளது." நான் வேறு வேறு விதமாகக் கேட்டேன், விடை மாறவில்லை. எதிரே எழுதி வைத்திருப்பதை அவர் படிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் புதிய குரல். ஒவ்வொரு முறையும் இராமாயணத்தைப் பாலகாண்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் பெரியம்மா தம் தோட்டை அடகு வைத்துத் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டார்.

இறுதியில் வங்கிக் கிளைக்கே அவரை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த பெண் ஊழியர் ஒருவர் அவரை உட்காரச் சொன்னார். எந்த நாள், எத்தனை மணி, இயந்திரத்தில் ஓசை கேட்டதா, பின்னால் யாரேனும் நின்றார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்பு எங்களுக்கு விளக்கினார். ஏ.டி.எம். தன் ஒவ்வொரு செயலையும் தனக்குள் பதிந்து வைக்கிறது. பணம் நிரப்பும்போது மிச்சப் பணத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். வெளியே வராத பணம் அங்கே மிகுதியாக நிற்கும். அவர் அந்தக் கணக்கை வரவழைத்துப் பார்த்தார். 4,000 ரூபாய் மிகுதியாக நின்றது. பத்தொன்பதாம் நாள் பணம் கணக்கில் ஏறிற்று.

அதனோடு 1,400 ரூபாயும் ஏறிற்று. இது கருணையால் வந்ததன்று. ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு விதி வகுத்தது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் தானே திருப்பிச் செலுத்த வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும். பதினான்கு நாள் தாமதத்துக்கு 1,400 ரூபாய். இவ்விதியை நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

நண்பர்களே, இக்கதையில் குற்றவாளி யார்? இயந்திரம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். பெரியம்மாவுக்குச் சார்பான சான்று முதல் நாள் முதலே அந்த இயந்திரத்துக்குள்தான் இருந்தது. அது பொய் சொல்லவில்லை. அதைத் திறந்து பார்க்கும் ஆள்தான் இல்லை.

இயந்திரத்தின் மீது பழி போடுவோர் பழைய நாளையும் மறந்துவிடக் கூடாது. வெளியூருக்குத் தொலைபேசியில் பேச, டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த காலம் உண்டு. 1960-ஆம் ஆண்டு கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் ஏற்பாடு நம் நாட்டில் முதன்முதலாக வந்தது. அது பிற ஊர்களுக்கும் பரவியபோது அதை வரவேற்காதவர் இல்லை. மேலும், முகம் பார்த்துப் பேசும் மனிதரிடம் முகம் பார்த்து நடத்தும் குறையும் உண்டு. வெள்ளை வேட்டிக்கு நாற்காலியும் சேறு படிந்த சேலைக்குக் காத்திருப்பும் தந்த மேசைகளைப் பெரியம்மா தம் வாழ்நாளில் நிறையக் கண்டிருக்கிறார். ஏ.டி.எம். அவரிடம் அவர் யார், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. இரவு பத்து மணிக்கும் முகம் சுளிப்பதில்லை. இந்தச் சமத்துவம் சிறிய பேறு அன்று.

அந்த ஏ.டி.எம். பிறந்த கதையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி அத்தகைய இயந்திரம் ஒன்றை நிறுவிற்று. அதை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்டு பாரன் என்பவர். அவர் பிறந்தது நம் நாட்டு ஷில்லாங்கில். இரகசிய எண் ஆறு இலக்கமாக இருக்கட்டும் என்று அவர் முதலில் எண்ணினாராம். தம் மனைவியிடம் கேட்டபோது, நான்கு இலக்கம்தான் நினைவில் நிற்கும் என்றாராம் அந்த அம்மையார். அதனால் நான்காயிற்று என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் நான்கு இலக்க எண்ணைப் பயன்படுத்துவதற்குப் பின்னால், அடுக்களை மேசையில் ஒருவர் சொன்னதை மற்றொருவர் காதுகொடுத்துக் கேட்ட சிறு செயல் இருக்கிறது.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு நாடு திரும்பியபோது, கப்பலில் அனுப்பிய அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்து சேர்ந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகப் பல மாதம் மின்னஞ்சல் எழுதியும் பயனில்லை. சலித்துப்போய், இணையத்தில் பலர் கூடும் மன்றம் ஒன்றில் நடந்ததை எழுதினார். அதைப் படித்தவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நிறுவனத் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் கிடைத்தது. பல மாதம் தனியே முறையிட்டபோது கேட்காத காது, ஊர் கேட்டவுடன் திறந்துகொண்டது.

இந்த அனுபவம் அவர் மனத்தில் விதையாயிற்று. 2010-ஆம் ஆண்டு ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து, சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களின் முறையீடுகளைக் கையாளும் மென்பொருளே அதன் சரக்கு. பின்னர் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. இத்தகைய மென்பொருள் செய்வது என்ன? மின்னஞ்சல், தொலைபேசி, சமூக ஊடகம் என எவ்வழியே முறையீடு வந்தாலும் அதற்கு ஓர் எண் கொடுத்து, முன்பு நடந்த பேச்சையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, விடை சொல்பவர் கண்முன் வைக்கிறது. அதாவது, நினைவு வைக்கும் சுமையை இயந்திரம் ஏற்கிறது. கேட்கும் வேலை மனிதனுக்கு எளிதாகிறது. நான் மூன்று முறை பாலகாண்டம் பாட நேர்ந்தது, நினைவு இல்லாத இடத்திலோ, நினைவு இருந்தும் அதைப் புரட்டிப் பார்க்க மனமில்லாத இடத்திலோதான்.

இப்போது நிலை இன்னும் ஒரு படி மாறியிருக்கிறது. எண்களை அழுத்தச் சொல்லும் இயந்திரம் போய், நம்மைப்போலவே வாக்கியம் அமைத்துப் பேசும் சாட்பாட் வந்துவிட்டது. சுவீடன் நாட்டுக் கிளார்னா நிறுவனம், வாங்கிய பொருளுக்குப் பின்னர்ப் பணம் செலுத்த வசதி செய்து தருவது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது பெருமையுடன் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் செயற்கை அறிவு உதவியாளர் ஒரே மாதத்தில் 23 இலட்சம் உரையாடல்களை நடத்திற்று என்றும், அது 700 ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்றும் கூறிற்று. அடுத்த ஆண்டே அதன் தலைவர், செலவைக் குறைப்பதிலேயே நோக்கமாக இருந்ததால் தரம் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் விரும்பினால் மனிதரிடம் பேச எப்போதும் வழி இருக்க வேண்டும் என்று சொல்லி, மீண்டும் ஆட்களைச் சேர்க்க முற்பட்டார்.

கனடாவில் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 2022-ஆம் ஆண்டு ஒருவர் தம் பாட்டி இறந்த துயரத்தில், ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட்டிடம் துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணச்சீட்டு வாங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பித்துச் சலுகையைப் பெறலாம் என்றது அது. அவரும் நம்பி முழுக் கட்டணம் கொடுத்துச் சென்றுவந்தார். ஆனால் நிறுவனத்தின் விதியில் அதற்கு இடமில்லை. பணம் மறுக்கப்பட்டது. வழக்கு, பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்னும் பொருள்பட நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதை மறுத்தது. தன் இணையதளத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, அவருக்கு இழப்பீடு வழங்கச் செய்தது.

இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை இருக்கிறது. குரல் என்பதை இன்று யாரும் செய்து தந்துவிடலாம். மரியாதையும் மென்மையும் அயராமையும் அதில் சேர்த்துவிடலாம். ஆனால் கேட்டதற்குப் பொறுப்பேற்க இயந்திரத்தால் இயலாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். வாடிக்கையாளர் தேடும் மனிதத் தொடர்பு என்பது குரல் அன்று, செவி.

ஆகவே எதை இயந்திரத்திடம் விடலாம், எதை மனிதனிடம் வைக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தோன்றும் வழி இது. முதலாவது, யார் கேட்டாலும் ஒரே விடையுள்ள கேள்விகளை இயந்திரத்திடம் தயங்காமல் விடலாம். இருப்பு எவ்வளவு, வண்டி எத்தனை மணிக்கு, பொதி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பவை அத்தகையன. இரண்டாவது, இயந்திரத்தின் எந்தப் படியிலிருந்தும் மனிதரிடம் செல்லும் கதவு திறந்திருக்க வேண்டும். ஒருவர் மூன்று முறை தடுமாறினால் இணைப்பை அறுப்பதற்கு மாறாக, ஆளிடம் கொடுக்கும்படி அமைப்பது கடினமான வேலையன்று. எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியாதவருக்குத்தான் துணை மிகுதியாகத் தேவை.

மூன்றாவதுதான் முதன்மையானது. அக்கதவுக்கு அப்பால் இருக்கும் மனிதருக்கு ஆராயும் உரிமையும் அதற்கான நேரமும் வேண்டும். தொலைபேசியில் என்னிடம் பேசிய இளைஞரும் மனிதர்தாம். எழுதியதைப் படிக்க மட்டுமே உரிமை கொடுத்து, ஒவ்வோர் அழைப்பையும் நிமிடக் கணக்கில் அளந்தால், அவரும் மூச்சு விடும் இயந்திரமாகி விடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அங்கே அப்படி அமர்த்தியவர்களைத்தான் குறை சொல்வேன். கிளையில் இருந்த பெண்மணிக்கோ, கணக்கை வரவழைத்துப் பார்க்கும் அதிகாரம் இருந்தது. முதியவள் பொய் சொல்லமாட்டாள் என்று எண்ணும் மனமும் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பணம் வந்திராது.

மாணவ நண்பர்களே, காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கும் பிற கல்லூரிகளிலும் படிக்கும் உங்களில் சிலர் நாளை இத்தகைய மென்பொருள்களை எழுதுவீர்கள். சிலர் கால் சென்டர்களில் செவிப்பொறி அணிந்து அமர்வீர்கள். சிலர் நிறுவனங்களை நடத்தி, எத்தனை ஆள் வேண்டும், எத்தனை இயந்திரம் வேண்டும் என்று முடிவு செய்வீர்கள். வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதை இயந்திரத்துக்கு ஓரளவு கற்றுக்கொடுத்துவிட்டோம். பின்னதை நாம் மறந்துவிடாமல் இருக்க வேண்டும்.

பெரியம்மா இப்போதும் ஏ.டி.எம்.முக்குத்தான் போகிறார். அது எளிது என்கிறார். தோட்டை மீட்டுக் காதில் அணிந்துவிட்டார். பேத்தி தேர்வு எழுதி முடித்தாள். ஆனால் வங்கிப் பக்கம் போகும் நாட்களில் அந்தப் பெண் ஊழியரின் மேசை வரை சென்று, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு வருகிறார். தொலைபேசியில் ஒலித்த அந்த நல்ல பெண்ணை அவர் மறுபடி அழைக்கவே இல்லை.