பேராதனையா, பிறநாடா?

கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையைக் கடந்தவுடன் வருவது கொலன்னாவை. எண்ணெய்க் குதங்களுக்குப் பேர்போன ஊர். களனி கங்கை பெருகினால் முதலில் நனையும் ஊர்களுள் ஒன்று. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து பல உயிர்களைக் கொண்டதும் அங்கேதான். அவ்வூரிலுள்ள சிறு வீடொன்றிலிருந்து, நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குச் சென்று, தமிழ் மொழியில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் பயின்ற ஒரு மாணவியை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி. ஆயினும் இசட் புள்ளியைப் பார்த்தால், மருத்துவத்துக்குத் தொலைவு. சென்ற ஆண்டின் பல் வைத்திய வெட்டுப்புள்ளிக்கோ மயிரிழை குறைவு.

அந்த மயிரிழையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் புகுந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படியும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் பங்கீடு. முல்லைத்தீவு, மன்னார் போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு இது செய்திருக்கும் நன்மையை யாரும் மறுக்கலாகாது. ஆனால் மாவட்டம் என்ற கோட்டுக்குள்ளே மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. கறுவாத்தோட்டத்துப் பெருங் கலாசாலையின் ஆய்வுகூடத்திற் பயின்ற பிள்ளையும், வெள்ளம் வந்தால் புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றும் கொலன்னாவைப் பிள்ளையும் ஒரே கொழும்பு மாவட்டத்தார். இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. கணக்கிற்கு இது சரி. வாழ்க்கைக்குச் சரியா என்பது வேறு கேள்வி.

வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் அசைவது. எனவே சென்ற ஆண்டின் எண்ணைக் கண்டு மனந்தளர்ந்து விண்ணப்பப் பத்திரத்திற் பல் வைத்தியத்தை விட்டுவிடுவது பெரும் பிழை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலை வரிக்கு வரி வாசித்து, விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படியே எழுதவேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு மும்முறை தோற்றலாம் என்பது உண்மையே. ஆயினும் ஓராண்டு ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துகொண்டபின், மறு ஆண்டு இன்னொன்றுக்குத் தாவும் வழி எளிதன்று. "கிடைத்ததில் இரு, பிறகு பார்ப்போம்" என்று மாமன்மார் சொல்லும் யோசனை இங்கே செல்லாது.

இன்னொன்றையும் கூறவேண்டும். நம்மவர் வீடுகளிற் பல் வைத்தியம் என்பது மருத்துவம் தவறினார்க்கு வாய்த்த ஆறுதற் பரிசு. இதைப் பிள்ளையின் முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுகிறார்கள். இது தனித் தொழில், தனிக் கலை. 1840ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இதற்கெனத் தனிக் கல்லூரி எழுந்தது. இலங்கையில் 1943இற் கொழும்பிலே தொடங்கிய பல் வைத்தியக் கல்வி, 1950களிற் பேராதனைக்குப் பெயர்ந்து, பிற்காலத்தில் தனிப் பீடமாயிற்று. அண்மைக்காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பீடம் அமைந்துள்ளது. கனடாவிலே நீண்ட காலம், பல் வைத்தியம் பயில விரும்புவோரிடம் ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொடுத்து, குறித்த வடிவிற் செதுக்கச் சொல்லிச் சோதித்தார்கள். நம் நாட்டில் அத்தகைய சோதனை இல்லை. மூன்று பாடப் புள்ளிகளே தீர்ப்பு. கை நடுங்குமா, பிறர் வாய்க்குள் நாள் முழுதும் குனிந்து நோக்கும் பொறுமை உண்டா என்பதைப் பிள்ளை தானே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கொழும்பு வாட் பிளேசிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

நமது மாணவி அங்கே முன்னமே நின்றவள். அவளது பாட்டியாருக்கு வெற்றிலை பாக்கில்லாமல் பொழுது விடியாது. கன்னத்தின் உட்புறத்தே வெள்ளைத் தழும்பொன்று படர்ந்திருப்பதை வைத்தியர் கண்டு, மேற்சோதனைக்கு அனுப்பினார். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2004இல் வகைப்படுத்தியது. அதனை முதலிற் காணும் கண் பெரும்பாலும் பல் வைத்தியருடையதே. அன்று முதல் அவளது விருப்ப வரிசையில் இரண்டாவது முதலாவதாயிற்று.

இந்நிலையிலேதான் தரகர் வந்தார். வெளிநாடொன்றிற் பல் வைத்தியக் கல்லூரி, இடம் நிச்சயம், மாத முடிவுக்குள் முற்பணம். தந்தையார் வீட்டு உறுதியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். 1945 முதல் இலவசக் கல்வியின் நிழலில் வளர்ந்த நாட்டில், பேராதனைக்குப் போனால் கல்விக் கட்டணம் இல்லை. கடல் கடந்தால், ஒரு தலைமுறையின் சேமிப்பு போகும்.

பிறநாடு செல்வது தவறன்று. ஆனால் திரும்பிவரும் வாசலைப் பார்த்துவிட்டுப் புறப்படும் வாசலைத் திறக்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர் இங்கே தொழில் புரிய, இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெறல் வேண்டும். அதற்கு முன் அச்சபை நடத்தும் தகுதிகாண் பரீட்சையிற் சித்தியடையவும் வேண்டும். பயின்ற கல்லூரி சபையால் ஏற்கப்பட்டதா என்பதே முதற்கேள்வி. அதனைச் சபையிடமே எழுத்திற் கேட்டறிய வேண்டும். தரகர் காட்டும் வண்ணப்படப் புத்தகம் சான்றாகாது. சபை ஏற்கும் உயர்தரத் தகைமையையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். இந்தியாவை நாடுவோர்க்கு நான்காண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் என்பது வழமை. வெளிநாட்டு மாணவரும் நீட் நுழைவுப் பரீட்சை எழுதவேண்டும். அங்கே பட்டம் பெற்று நேரே இங்கிலாந்து போய்விடலாம் என்று எண்ணுவோர்க்கு, அங்கும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குத் தனிப் பரீட்சை காத்திருக்கிறது.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. அக்கல்லூரிக்கு நோயாளர் வருகிறார்களா? பல் வைத்திய மாணவர் படிக்கும் காலத்திலேயே தம் கையாற் பல் பிடுங்கி, குழி அடைத்து, பொய்ப்பல் அமைத்துப் பழகவேண்டியவர். நோயாளர் இல்லாக் கல்லூரி, புத்தகமில்லா வாசிகசாலை. விரிவுரை ஆங்கிலத்தில் என்பார்கள். நோயாளரின் வலியோ அந்நாட்டு மொழியிற் பேசும். அம்மொழி தெரியாத மாணவர் ஓரத்தில் நின்று பார்ப்பதோடு ஆண்டுகள் கழிந்துவிடும்.

வீட்டு உறுதிக்குக் கைவைக்காத வழியும் ஒன்று உண்டு. கொலன்னாவைக்கு அணித்தேயுள்ள மகரகமையிற் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்க்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 1950களிற் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து நல்கிய உதவியால் உருவான துறை இது. பட்டம் அன்று, ஆனால் அரச சேவை. பள்ளிச் சிறுவரின் பற்களைக் காப்பவர்கள் இவர்களே. உறவினர் முன் சொல்லிப் பெருமைப்பட முடியாதென்று இதனை ஒதுக்குவோர் பலர். அப்பெருமைக்கு வட்டி கட்டுவோரும் அவர்களே.

அம்மாணவி அன்றிரவு இரண்டு காரியம் செய்தாள். ஆணைக்குழுவுக்குரிய விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு மேலே பல் வைத்தியத்தை எழுதினாள். பின்பு, தரகர் சொன்ன கல்லூரியின் பெயரைக் குறிப்பிட்டு மருத்துவ சபைக்கு ஒரு கடிதம் வரைந்தாள். தந்தையார் கையொப்பமிட்டார். பதில் வரும்வரை முற்பணம் இல்லையென்று தரகருக்குச் சொல்லியாயிற்று. வீட்டு உறுதி மறுபடியும் அலுமாரிக்குள்ளே போயிற்று.