நாலு பிள்ளைக்கு ஒரு வேலை

(ஜூபிலி இளைஞர் நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்றைக்கு உங்களை அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே பில்சன் என்றொரு பகுதி. மெக்சிக்கோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் குடியேறிய இடம். ஸ்பானிய மொழி பேசும் இவ்வினத்தாரை அந்நாட்டில் 'லத்தீனோ' என்பார்கள். (பெரியவர்கள் நமது பழைய லத்தீன் பூசையை எண்ணிக்கொள்ள வேண்டாம்!) கடும் உழைப்பாளிகள். ஆனாலும் கத்தோலிக்கப் பள்ளிக் கட்டணம் அவர்களுக்கு எட்டவில்லை.

1996-ஆம் ஆண்டு இயேசு சபைக் குருக்கள் அங்கே 'கிறிஸ்டோ ரே', அதாவது கிறிஸ்து அரசர், என்ற உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். அதன் முதல் தலைவர், பெரு நாட்டில் பல்லாண்டு பணியாற்றிய அருட்தந்தை ஜான் ஃபோலி. கட்டணத்துக்கு அவர்கள் கண்ட வழி புதுமையானது. வங்கியிலோ வக்கீல் அலுவலகத்திலோ உள்ள ஒரு குமாஸ்தா வேலையை 4 மாணவர் பங்கிட்டுக்கொள்வது. ஒவ்வொருவருக்கும் மாதத்தில் 5 நாள் வேலை. மற்ற நாட்களில் வகுப்பு. சம்பளம் மாணவன் கைக்கு வராது. பள்ளிக்குச் சென்று, கட்டணத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்யும்.

14 வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா என்று முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கோப்பு அடுக்குவதும் தொலைபேசி எடுப்பதும் ஒரு படிப்பா? ஆனால் தகப்பன் கட்டட வேலை, தாய் ஓட்டல் அறைகளைக் கூட்டித் துடைப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் என்பவர் காலை முதல் மாலைவரை என்னதான் செய்கிறார் என்று அந்த வீட்டில் யார் சொல்வார்? அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்கிறார். கடிதம் எழுதும் முறையைக் காட்டுகிறார். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்று சொல்கிறார். கட்டணத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடு. பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ ஆள் பழக்கம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது மாமன், சித்தப்பன் வழியாகத் தானே வந்துவிடுகிறது.

இன்று அந்நாட்டில் இம்முறையில் 30-க்கு மேற்பட்ட பள்ளிகள் நடக்கின்றன. குறையும் உண்டு. சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லாத பிள்ளைக்கு இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. மிகவும் தேவைப்படுகிறவனே வெளியே நிற்கிறான். இது என் மனதை உறுத்துகிறது.

நம் பங்கில் ஆசிரியர், தாதியர், மின்வாரிய ஊழியர், வங்கியில் இருப்போர் எனப் பலர் உண்டு. இறுதி வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் ஒரு நாள் தம் தொழிலைக் காட்டச் சம்மதிப்போர், பூசை முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இங்கே கட்டணப் பேச்சும் இல்லை, சம்பளமும் இல்லை. மதியச் சோற்றைப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவரும்.