கப்பல் நிற்கும் நேரம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் பற்றிய இந்தத் தொடரில் இன்று நோர்வேயின் வட கரையோரக் கப்பற் பயணத்தைப் பற்றியும், அக்கப்பல்களில் செல்வோர் இடையிடையே கரையிறங்கிப் பார்ப்பவை பற்றியும், பார்க்காமல் விடுபவை பற்றியும் பேச விரும்புகின்றேன்.

'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியாரைப் போன்ற பயணிகள், ஓர் ஊரில் எதைப் பார்ப்பது, யாரைச் சந்திப்பது, எத்தனை நாள் தங்குவது என்பவற்றைத் தாமே தீர்மானித்தார்கள். இன்றைய உல்லாசப் பயணிக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கரைச் சுற்றுலா' என்பது கப்பலிலேயே விலை குறித்து விற்கப்படும் ஒரு பண்டம். பணத்தைக் கட்டினால் இறங்குதுறையில் பஸ் வண்டி காத்து நிற்கும். வழிகாட்டி பேசுவார். கப்பல் ஊதுவதற்கு முன் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். இவ்வாறு மூன்றரை மணி நேரத்தில் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி எழுதவும் செய்கின்றோம். அந்த எழுத்துக்கு என்ன பெறுமதி என்பதே என் கேள்வி.

நான் சென்ற பாதைக்கு 'ஹூர்டிக்ரூட்டன்' என்று பெயர். விரைவு வழி என்பது பொருள். எமது பேச்சில் சொன்னால் 'கடுகதி'. பேர்கன் நகரில் புறப்பட்டு, ரஷ்ய எல்லையை அண்டிய கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுத் திரும்பிவர 12 நாட்கள் ஆகும். உல்லாசத்துக்காகப் பிறந்த பாதையல்ல இது. வடக்கே இருந்த மக்களுக்குக் கடிதம் போய்ச் சேருவதே அக்காலத்தில் பெரும்பாடாக இருந்தது. மாரியில் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஹம்மர்பெஸ்டுக்கு ஒரு கடிதம் போக மாதக்கணக்கில் ஆகுமாம். பாறைகளும் தீவுகளும் நிறைந்த அக்கடலில் இருளில் கப்பலோட்ட முடியாது என்று மற்றவர்கள் ஒதுங்க, ரிச்சர்ட் வித் என்ற கப்பற்தலைவர் முன்வந்தார். திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடினால் எந்த இடம் வரும் என்று அவர் முன்னரே குறித்து வைத்திருந்தார். 1893 ஜூலை 2ஆம் திகதி 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பல் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து புறப்பட்டு 67 மணித்தியாலங்களில் ஹம்மர்பெஸ்டை அடைந்தது.

அந்த வரலாறு இன்னும் கப்பலின் உடலிலே தெரிகிறது. நள்ளிரவில் ஏதோ ஒரு சின்னத் துறையில் கப்பல் நிற்கும். மேல்தட்டில் ஐரோப்பியப் பிரயாணிகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். கீழே பக்கக் கதவு திறந்து, மரக்கறிப் பெட்டிகளும் இயந்திரப் பாகங்களும் இறங்கும். பள்ளிக்கூடப் பையுடன் ஒரு பிள்ளை அடுத்த ஊர் வரை போக ஏறும். பதினைந்து நிமிடத்தில் கப்பல் புறப்பட்டுவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு யாரும் கட்டணம் அறவிடுவதில்லை. ஆனால் அக்கரையின் வாழ்க்கையை நான் முதலில் கண்டது அங்கேதான்.

நான் சென்றது மார்ச் மாதத்தில். வட துருவ வட்டத்தைக் கடந்த பின் வருவது லொபோட்டன் தீவுக்கூட்டம். கொட் எனப்படும் மீன் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து அங்கே முட்டையிட வருகிறது. பிடித்த மீனைத் தலை நீக்கி, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு மணிகூடப் போடுவதில்லை. எமது கருவாட்டை உப்பும் வெயிலும் காக்க, அவர்களுடையதைக் குளிர்காற்றே உலர்த்திக் காக்கிறது. 1432இல் கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கிய வெனிஸ் நகர வணிகர் பியெத்ரோ குவெரினி அதன் சுவையை அறிந்தார். இன்றும் உலர்மீனை விரும்பி வாங்குவோர் இத்தாலியர். தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன.

அங்கே செந்நிறச் சாயம் பூசிய மரக் குடில்கள் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும். மீன்பிடிக் காலத்தில் வெளியூர் மீனவர் தங்குவதற்கெனக் கட்டப்பட்டவை. நீர்கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் பருவம் பார்த்து வருவோர் போடும் வாடியை அறிந்தவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. இன்று அவ்வாடிகள் பல உல்லாசப் பயணிகளின் விடுதிகள். சுற்றுலாக்காரர் அவற்றைப் படமெடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் அந்த வாடிகளுக்குள் இருந்த வாழ்க்கையைப் படத்தில் காண முடியாது. அதற்கு யொஹான் போயர் 1921இல் எழுதிய 'கடைசி வைக்கிங்' என்ற நாவலைத்தான் படிக்கவேண்டும்.

அருகே ட்ரொல்பியோர்ட் என்றொரு கடல் இடுக்கு. இரண்டு கிலோமீற்றர் நீளம். வாயில் நூறு மீற்றர் அகலம்தான். நான் சென்ற இரவில் கப்பல் வாயிலில் சற்று நின்று, தேடொளி விளக்கைப் பாறைகளின் மீது பாய்ச்சிவிட்டு விலகியது. பயணிகள் வியந்து கைதட்டினார்கள். 1890இல் அந்த இடுக்கினுள் மீன் திரண்டிருந்தபோது, பணம் படைத்தவர்களின் நீராவிக் கப்பல்கள் வாயிலை மறித்து வலைபோட்டன. திறந்த படகுகளில் வந்த ஏழை மீனவர்கள் அவர்களோடு மோதி உள்ளே புகுந்தார்கள். போயரின் நாவலில் அந்தச் சண்டை வருகிறது. சிறுபடகுக்காரனின் கடலைப் பெருங்கப்பல் வாரிக்கொண்டு போகும் கதை பாக்குநீரிணையின் இக்கரையில் இருப்போருக்குப் புதிதல்ல.

லொபோட்டனுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஹமரோய். நுட் ஹம்சுன் வளர்ந்த ஊர். 1920இல் நோபல் பரிசு பெற்ற ஹம்சுனை, க.நா.சு.வின் 'நிலவளம்' வழியாக எமது தலைமுறை அறிந்தது. மண்ணை அவ்வளவு நேசித்து எழுதிய அந்த மனிதர், தன் நாட்டை ஆக்கிரமித்த நாஜிகளின் பக்கம் நின்றார். ஹிட்லர் இறந்தபோது 1945 மே மாதத்தில் பத்திரிகையில் இரங்கற் குறிப்பும் எழுதினார். அதற்கு முந்திய மாரியில் அதே படைகள் நோர்வேயின் வட மாகாணத்தை என்ன செய்தன என்பதை, மேலும் வடக்கே போகப் போகக் கண்டேன்.

ஹொன்னிங்ஸ்வோக் என்ற துறையில் கப்பல் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் நிற்கும். முழுப் பயணத்திலும் புகழ்பெற்ற கரைச் சுற்றுலா அங்கேதான். பனி அகற்றும் வண்டி முன்னே செல்ல, பஸ் வண்டிகள் அணிவகுத்துப் பின்தொடர்ந்து வடமுனைக்குப் போகின்றன. 307 மீற்றர் உயரமான செங்குத்துப் பாறை. அதன்மேல் இரும்பாலான ஓர் உலக உருண்டை. இத்தாலியப் பாதிரியார் பிரான்செஸ்கோ நெக்ரி 1664இல் அங்கு வந்தார். சியாம் மன்னர் சூலலங்கோர்ன் 1907இல் வந்தார். ஐரோப்பாவின் வட எல்லையில் நிற்கிறோம் என்ற பூரிப்புடன் எல்லோரும் உருண்டையின் கீழ் நின்று படமெடுக்கின்றனர். உண்மையில் அதே தீவில், சற்று மேற்கே, க்னிவ்ஷெலொட்டன் என்ற தாழ்ந்த நிலமுனை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் மேலும் வடக்கே நீண்டு கிடக்கிறது. அதற்கு உயரமில்லை, பஸ் பாதையில்லை. ஆகவே பெருமையும் இல்லை. வடமுனை உண்மையல்ல என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பாறையின் விளிம்பில் நின்று, கீழே கருநீலக் கடலைப் பார்க்கும்போது நெஞ்சு அதிர்வது உண்மைதான். ஆனால் எது எல்லை என்பதைச் சில வேளைகளில் பாதை போட்டவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அதே ஹொன்னிங்ஸ்வோக் ஊரில் வெள்ளை நிற மரத் தேவாலயம் ஒன்று உண்டு. பஸ்ஸில் போவோர் அதை ஒரு கணம் காண்பர். 1944 ஒக்டோபரில் சோவியத் படைகள் முன்னேறிவர, பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க் மாகாணத்தையும் அதை அடுத்த பகுதியையும் எரித்துக்கொண்டே போனது. ஏறத்தாழ 11,000 வீடுகள் அழிந்தன. ஐம்பதினாயிரம் பேர் வரை பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர். மறுத்தவர்கள் குகைகளிலும் மலைக் குடில்களிலும் மாரியைக் கழித்தனர். ஹொன்னிங்ஸ்வோக்கில் எரியாமல் எஞ்சியது அந்தத் தேவாலயம் ஒன்றே. ஊருக்குத் திரும்பிவந்தவர்கள் அதற்குள்ளேயே தங்கிக்கொண்டு ஊரைத் திரும்பக் கட்டினார்கள். 'இந்த ஊர்களில் பழைய அழகு இல்லை, எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி வீடுகள்' என்று கப்பலில் ஒருவர் அலுத்துக்கொண்டார். பழைய வீடு ஏன் இல்லை என்று கேட்டிருந்தால் அந்த அலுப்பு வந்திராது. ஹம்மர்பெஸ்டில் இந்த அழிவையும் மீள்கட்டுமானத்தையும் சொல்வதற்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது.

கிர்க்கெனெஸில் கப்பல் திரும்புகிறது. அன்று பிற்பகல் வார்டோவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்டோர் 91 பேர். 77 பெண்கள், 14 ஆண்கள். 2011இல் அவர்களுக்கு அங்கே ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. சுவிற்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பீற்றர் சும்தோர் அமைத்த நீண்ட ஒடுங்கிய மண்டபம். 91 சிறு யன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, பக்கத்தில் அவரவர் கதை. கடற்காற்றில் மண்டபம் அசைந்து முனகியது. அங்கிருந்த பத்து நிமிடமும் நான் யாருடனும் பேசவில்லை.

அன்றிரவு போட்ஸ்பியோர்ட். மீன் தொழிற்சாலைகளின் ஊர். கப்பல் நின்றது அரை மணி நேரம்கூட இல்லை. எமக்கும் நோர்வேக்கும் உள்ள தொடர்பு மீனில்தான் தொடங்கிற்று என்பதை இங்கே சொல்லவேண்டும். 1956இல் நோர்வே சென்ற அந்தோனி ராஜேந்திரம், அந்நாட்டு நண்பர்களின் உதவியுடன் பின்னர் யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' நிறுவனத்தை உருவாக்கினார். குருநகரில் வலையும் காரைநகரில் படகும் செய்யப்பட்டன. நோர்வேயின் கைத்திறன் எமது கடலுக்கு வந்தது. 1980களில் போர் மூண்டபின் எமது பிள்ளைகள் அவர்களுடைய கடலுக்குப் போனார்கள். உள்ளூர் இளைஞர் தெற்கு நோக்கிப் பெயர, ஆட்பஞ்சம் கண்ட பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் தமிழர்கள் கத்தி பிடித்து நின்றார்கள். பலர் காலப்போக்கில் ஒஸ்லோவுக்கும் வேறு நகரங்களுக்கும் போய்விட்டார்கள். சிலர் தங்கிவிட்டார்கள்.

தங்கியவர்களுள் ஒரு பெண்மணி, உறவினர் மூலம் நான் வருவதை அறிந்து, தேநீர்ப் போத்தலுடன் இறங்குதுறைக்கு வந்திருந்தார். 1989இல் வந்தவர். 'வடமுனை பாத்தனீங்களோ அண்ணை?' என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். 'நான் இன்னும் போகேல்லை. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை' என்று சிரித்தார். குளிரைப் பற்றிக் கேட்டேன். 'குளிர் பழகீட்டுது. அந்த ரண்டு மாத இருட்டுத்தான் இன்னும் பழகேல்லை' என்றார். நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் அங்கே ஜனவரி நடுப்பகுதி கடந்தே தலைகாட்டும். அவருடைய வலது கையின் விரல்கள் முழுமையாக விரியவில்லை என்பதைத் தேநீர்க் கோப்பையை வாங்கும்போது கண்டேன். அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பல் ஊதிவிட்டது.

நேயர்களே, குறுகிய நேரத்தில் பார்ப்பதே குற்றம் என்பது என் கட்சியல்ல. வாழ்நாள் முழுவதும் ஓர் ஊரில் இருந்தும் அதைக் காணாதவர்கள் உண்டு. கரைச் சுற்றுலா ஒரு நூலின் பொருளடக்கம் போன்றது. அதைப் புரட்டியவர், நூலைப் படித்தேன் என்று சொல்லாதிருந்தால் போதும். பயண எழுத்தாளன் பாறையின் உயரத்தை எழுதட்டும். நூதனசாலைக்குள் நுழைந்து அந்த ஊர் ஏன் புதிதாக இருக்கிறது என்பதையும் எழுதட்டும். உலர்மீனின் சுவையை எழுதும்போது, அதை அறுத்த கையையும் எழுதட்டும். அக்கைகள் தாமே எழுதியதும் உண்டு. நோர்வேயிலிருந்து வெளிவந்த 'சுவடுகள்' போன்ற சஞ்சிகைகளைத் தேடிப் படிப்போர் அதை அறிவர்.

2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று எமது காங்கேசன்துறைக்கும் வந்தது. வடகரையில் இறங்கும் விருந்தாளிக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வி இப்போது எமக்கும் உரியதாகிவிட்டது. கோயிலையும் கோட்டையையும் காட்டுவோம், காட்டவேண்டியவைதான். ஆனால் அத்துறைக்குப் பக்கத்தில் மயிலிட்டி இருக்கிறது. 1990இல் வெளியேறிய அவ்வூரவர் 2017 வரை தம் துறைமுகத்தில் கால்வைக்க முடியாதிருந்தார்கள். அந்தக் கதையைச் சொல்ல ஒரு மண்டபம் வேண்டும். மண்டபம் எழும்வரை, பஸ்ஸில் ஏறும் வழிகாட்டியிடமாவது அது இருக்கவேண்டும். கப்பல் நிற்பது சில மணி நேரந்தான். அதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதைதான் அது.