கடன் வலையும் சட்டத்தின் எல்லையும்



சின்னக்கானலின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கடன் என்பது கூலியின் பற்றாக்குறையை ஈடுகட்டும் ஏற்பாடு. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் 500 ரூபாய் தினக்கூலி கேட்டுப் போராடினர்; கிடைத்தது 301 ரூபாய். தேவைக்கும் கூலிக்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது.

முதலாவது, தனியார் வட்டிக்கடன். கேரளத்தில் இதனை 1958ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டமும் 2012ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்யும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகாரமோ போடிமெட்டோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, நிதி நிறுவனங்களின் நகைக்கடனும் பெண்களுக்கான குழுக்கடனும். குழுவில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர்களே அவரை நெருக்க வேண்டிய நிலை வருகிறது. உழைப்பாளியை உழைப்பாளிக்கு எதிராக நிறுத்தும் முறை இது. 2022 ஏப்ரல் 1 முதல் நுண்கடன் வட்டிக்கான உச்சவரம்பை ரிசர்வ் வங்கி நீக்கியது. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்குக் கேரளச் சட்டம் பொருந்தாது என மே 10இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு வாரங்களுக்குள் இரண்டு தடைகளும் அகன்றன.

ஆயினும் ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளில் தொழிலாளர்கள் பற்றிக்கொள்ளத்தக்க உரிமைகள் உள்ளன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படுவதே நுண்கடன். குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டலும் இழிசொல்லும் தடை செய்யப்பட்டவை. கடன் அட்டை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கேரள மண்ணிலும் தமிழில் அட்டை கேட்பது சலுகையல்ல, உரிமை.

மூன்றாவது, கைபேசிச் செயலிக் கடன். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி பணம் நேரடியாகக் கடனாளியின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். ஆண்டு வட்டியும் கட்டணங்களும் முன்கூட்டியே எழுத்தில் தரப்பட வேண்டும்.

மீறல் நடந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். 30 நாள்களில் பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனி ஒரு பெண் எழுதத் தயங்கும் புகாரை எழுதித் தருவது கிளைகளின் கடமை. வட்டிக்கு மீண்டும் உச்சவரம்பு, கூட்டுறவு வங்கிகளில் எளிய கடன், வாழ்வதற்குப் போதுமான கூலி ஆகிய மூன்றும் ஒரே போராட்டத்தின் கோரிக்கைகளாகட்டும்.